கடலோர இரும்புப் பாலத்துக்கு மறுபெயின்ட்: ஆளைத் தேர்வதிலிருந்து அளந்து வாங்குவது வரை

கடலோர இரும்புப் பாலம் ஒன்றின் மறுபெயின்ட் வேலை உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெண்டர் ஆவணத்தைப் புரட்டினால் எந்தப் பெயின்ட், எத்தனை கோட், எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். அதை அடிக்கப் போகிறவர் யார், அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இருக்காது. நான் பார்த்த கெட்டுப்போன வேலைகளில் பெரும்பாலானவை அந்த எழுதாத வரியால் கெட்டவை. பழி மட்டும் பெயின்ட் டப்பாவின் மேல் விழுந்தது.

இது கர்டர் (நீளமான இரும்பு உத்தரம்), டிரஸ் (முக்கோணச் சட்டம்) வகை இரும்புப் பாலங்களுக்கான வழிமுறை. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பது வேறு கதை, அதை இங்கே தொடவில்லை. படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒன்றை விட்டுவிட்டு அப்புறம் திரும்பி வந்து செய்ய முடியாத வேலை இது.

1. டெண்டருக்கு முன் பாலத்தின் அடியில் ஒரு நாள்

டார்ச், சிப்பிங் சுத்தி, மூன்று நிறச் சாக்பீஸ், கேமரா. இவற்றோடு பாலத்தின் அடியில் இறங்குங்கள். சாலையிலிருந்து பார்த்து மதிப்பீடு போடுவதுதான் முதல் தவறு. கடலோரத்தில் மழை படும் வெளிப்பக்கம் அவ்வப்போது கழுவப்பட்டு ஓரளவு தப்பித்துவிடும். மழையே படாத உட்பக்கத்திலும் கீழ்த் தகட்டின் மேற்புறத்திலும் உப்பு வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். துரு அங்கேதான் அதிகம்.

நல்ல பெயின்ட், மேலோட்டமான துரு, செதில் செதிலாக உரியும் துரு என்று மூன்றாகப் பிரித்துச் சாக்பீஸால் குறியுங்கள். மூன்றாவது வகையில் சுத்தியால் தட்டியதும் தகடு மெலிந்திருப்பது தெரிந்தால், அல்ட்ராசோனிக் கருவியில் தடிமனை அளந்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கொடுத்துவிடுங்கள். மெலிந்த இரும்பைப் பெயின்ட் தடிமனாக்காது. பழுதுபார்ப்பு முடிந்த பிறகே பெயின்ட்.

பழைய பாலம் என்றால் இன்னொரு வேலை உண்டு. அடிக்கோட்டில் ஈயச் செந்தூரம், அதாவது ரெட் லெட் பிரைமர் இருக்கலாம். நாலைந்து இடங்களில் சுரண்டி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஈயம் இருந்தால் தூசியைப் பிடிக்கும் மூடாக்கு, கழிவை அகற்றும் முறை, தொழிலாளர் பாதுகாப்பு எல்லாமே மாறும், செலவும் மாறும். வேலை தொடங்கிய பிறகு இது தெரியவந்தால் சண்டைதான்.

2. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

மூட்டுகளுக்குக் கீழே, பேரிங் (கர்டர் உட்காரும் தாங்கி) பக்கத்தில், வடிகால் குழாய் முடியும் இடத்தில் துரு குவிந்திருந்தால் அங்கே கோளாறு பெயின்ட்டில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. அடைத்த வடிகாலைத் திறப்பதும், குட்டையாக நிற்கும் குழாயைக் கர்டருக்குக் கீழே வரை நீட்டுவதும், கிழிந்த மூட்டு ரப்பரை மாற்றுவதும் பெயின்ட்டுக்கு முன் முடிய வேண்டும்.

இதை அலட்சியம் செய்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1983 ஜூனில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மயானஸ் ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதி அப்படியே ஆற்றில் விழுந்தது, மூன்று பேர் இறந்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் சாலையை மேல்பூசியபோது மழைநீர் வடிகால்களை மூடியிருந்தார்கள். தண்ணீர் பின்-ஹாங்கர் மூட்டுகளில், அதாவது பாலப் பகுதியைத் தொங்கவிட்டுப் பிடிக்கும் ஆணி, தொங்குதகடுகளில் இறங்கியது. அங்கே பருத்த துருவே ஹாங்கரை இடம்பெயர்த்துத் தள்ளிவிட்டது.

3. டெண்டரில் ஆளைப் பற்றி எழுதுங்கள்

வழக்கமான நிபந்தனை என்ன? ‘இதேபோன்ற வேலையை இத்தனை லட்சத்துக்குச் செய்திருக்க வேண்டும்.’ இந்த ஓட்டையில் குடோன் கூரைக்குப் பெயின்ட் அடித்தவரும் நுழைந்துவிடுவார். அதற்குப் பதிலாக, கடந்த ஐந்து ஆண்டுகளில் பிளாஸ்டிங் (துகளை அழுத்தக் காற்றில் பாய்ச்சி இரும்பைச் சுத்தம் செய்வது) செய்து மூன்று கோட் எப்பாக்சி (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பெயின்ட்) முறையில் முடித்த இரும்புக் கட்டுமான வேலைகளைக் கேளுங்கள். அவற்றில் மூன்று வயதைத் தாண்டிய ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். புது வேலை எல்லாமே பளபளக்கும். மூன்று மழைக்காலம் பார்த்த போல்ட் தலைகளே நிஜம் சொல்லும்.

சான்றிதழ்களில் ஒரு குழப்பம் உண்டு. நிறுவனத்துக்குத் தரும் சான்று வேறு, தனி ஆளுக்குத் தரும் சான்று வேறு. அமெரிக்காவில் எஸ்எஸ்பிசி என்ற பாதுகாப்புப் பூச்சு அமைப்பின் க்யூபி-1 என்பது களத்தில் பெயின்ட் அடிக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்கானது, க்யூபி-2 ஈயம் போன்ற நச்சுப் பெயின்ட்டை அகற்றும் நிறுவனத்துக்கானது. அந்த அமைப்பும் துருத்தடுப்புத் துறையின் நேஸ் அமைப்பும் 2021இல் இணைந்து ஏஎம்பிபி ஆகிவிட்டன. நம்மிடம் அதிகம் புழங்குவது சிஐபி எனப்படும் தனிநபர் ஆய்வாளர் சான்று. காண்ட்ராக்டர் ஒரு சிஐபி சான்றிதழ் நகலைக் கோப்பில் வைத்துவிட்டால் தகுதி முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது ஆய்வு செய்யத் தெரிந்தவரின் சான்று. பிளாஸ்டிங் நாசிலை, அதாவது குழாய் முனையைப் பிடிப்பவருக்கு அது எதையும் கற்றுத்தரவில்லை.

ஆகவே நான் நாலு வரி சேர்க்கச் சொல்வேன்:

பிளாஸ்டிங் ஆள், ஸ்பிரே பெயின்டர், மேற்பார்வையாளர் ஆகியோரின் பெயர்ப் பட்டியல் வேலைக்கு முன் தரப்பட வேண்டும். அவர்கள் களத்தில் சோதனைப் பட்டை செய்து தேர வேண்டும். ஆள் மாறினால் புது ஆளும் தேர வேண்டும். ஆய்வாளருக்குச் சம்பளம் காண்ட்ராக்டரிடமிருந்து போகக் கூடாது.

கடைசி வரிக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

கருவியையும் கேளுங்கள். 9.5 மில்லிமீட்டர் துளையுள்ள நாசில் 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 கன அடி காற்றை விழுங்கும். ஒரே கம்ப்ரசரில் இரண்டு நாசிலும் ஒரு ஸ்பிரே கன்னும் ஓட்டலாம் என்று சொல்கிறவரிடம் கம்ப்ரசரின் திறன் என்ன என்று கேட்டுக் கூட்டிப் பாருங்கள். அழுத்தம் குறைந்தால் சுத்தம் செய்யும் வேகம் சரியும். வேகம் சரிந்தால் ஆள் அவசரப்பட்டு அரைகுறையாக விட்டுவிடுவார்.

4. சோதனைப் பட்டை: இதைத் தவிர்க்கவே கூடாது

எல்லாப் படிகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு சதுர மீட்டர் போதும். ஆனால் தட்டையான நடுத்தகட்டில் வேண்டாம், அங்கே யாரும் நன்றாகவே செய்வார்கள். ரிவெட்டுகளும் ஒரு மூலையும் கீழ்த் தகட்டின் அடிப்புறமும் சேர்ந்து வரும் இடத்தைக் கொடுங்கள்.

பிளாஸ்டிங் ஆளைக் கவனியுங்கள். ரிவெட்டின் ஒரே பக்கத்தில் அடித்துவிட்டு நகர்கிறாரா, சுற்றி வருகிறாரா? தொடங்கும் முன் காற்றில் எண்ணெயோ தண்ணீரோ வருகிறதா என்று பார்த்தாரா? முடித்ததும் கையுறை இல்லாமல் இரும்பைத் தடவிப் பார்க்கிறாரா? வெறுங்கையின் வியர்வையும் உப்புதான்.

பெயின்டரிடம் தின்னர் எவ்வளவு கலப்பீர்கள் என்று கேளுங்கள். “கன்னுல ஓடுற அளவுக்கு சார்” என்று பதில் வந்தால் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, பயிற்சி வேண்டும் என்று அர்த்தம். ஈரத் தடிமன் பார்க்கும் சீப்பைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். பத்து வருடம் பெயின்ட் அடித்தவர்கள்கூட அதை முதல்முறை பார்ப்பதுண்டு. அது அவர்கள் குற்றமில்லை, யாரும் கையில் கொடுத்ததில்லை.

இரண்டு நாள் களப்பயிற்சி வைத்தால் பெரும்பாலும் போதும். அந்த இரண்டு நாளுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இன்னொன்று: பிளாஸ்டிங் ஆளுக்குச் சதுர மீட்டர் கணக்கில் கூலி கொடுக்கும் காண்ட்ராக்டரிடம் நாள் கூலிக்கு மாறச் சொல்லிக் கேளுங்கள். பரப்புக்குக் காசு என்றால் மூலை முடுக்குகள் பட்டினிதான்.

தேறிய பட்டையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தகராறு வரும்போது ‘இதைப் போல இருக்க வேண்டும்’ என்று காட்ட அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

5. சாரம், மூடாக்கு, ஆளின் மூச்சு

சாரம் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எட்டி எட்டி அடித்தால் நாசிலின் கோணமும் தூரமும் மாறிக்கொண்டே இருக்கும், வேலை திட்டுத்திட்டாக வரும்.

ஆற்று மணலையோ கடற்கரை மணலையோ பிளாஸ்டிங்குக்கு அனுமதிக்காதீர்கள். சிலிக்கா தூசி நுரையீரலை அரித்துச் சிலிக்கோசிஸ் நோயைத் தரும், அதற்குக் குணமில்லை. கடற்கரை மணல் போதாக்குறைக்கு உப்பையும் இரும்பில் அடித்து ஏற்றும். கார்னெட் (ஒரு கடினக் கனிமத் துகள்) அல்லது காப்பர் ஸ்லாக் (செம்பு உருக்கிய கசடு) பயன்படுத்துங்கள். பிளாஸ்டிங் ஆளுக்குக் காற்று ஊட்டப்படும் ஹெல்மெட்டும், கையை எடுத்தால் நாசில் நிற்கும் டெட்மேன் கைப்பிடியும் கட்டாயம். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால் வேலையை நிறுத்துங்கள். ஈயப் பெயின்ட் என்றால் உடை மாற்றும் இடமும் குளிக்கும் இடமும் தனியாக வேண்டும். அந்த உடை வீட்டுக்குப் போகக் கூடாது.

6. கழுவுதல்: எல்லோரும் தாண்டிப் போகும் படி

பிளாஸ்டிங் எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது துருவை எடுக்கும். எண்ணெயை இன்னும் பரப்பும். உப்பைக் குழிகளுக்குள் தள்ளிவிடும். அதனால் முதலில் கிரீஸ், எண்ணெயைச் சோப்புக் கரைசலாலோ கரைப்பானாலோ துடைத்தெடுக்க வேண்டும். அடுத்து உயர் அழுத்த நன்னீர்க் கழுவல்.

நன்னீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடலோரத்தில் டேங்கரில் வருவது பல நேரம் உவர்ப்பான போர் தண்ணீர். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிறோம். கையடக்கக் கடத்துத்திறன் மீட்டர் (தண்ணீரில் உப்பு கூடினால் அளவு ஏறும்) ஒன்று வாங்கி, ஒவ்வொரு டேங்கரையும் இறக்கும் முன் சோதியுங்கள்.

கழுவிய பின் உப்பை அளக்க பிரெஸ்லே பட்டை (இரும்பில் ஒட்டும் சிறு பை) இருக்கிறது. சர்வதேசத் தரங்களான ஐஎஸ்ஓ 8502-6, 8502-9 இரண்டும் அதன் முறையைச் சொல்கின்றன. 12.5 சதுர சென்டிமீட்டர் பட்டைக்குள் 3 மில்லி தூய நீரை ஊசியால் செலுத்தி, எடுத்து, கடத்துத்திறன் எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும். ஏறிய மைக்ரோசீமென்ஸ் அளவை 1.2ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு என்று கிடைக்கும். 30 ஏறினால் 36. காற்றில் நிற்கும் இரும்புக்கு 50 என்ற வரம்பைப் பலர் வைக்கிறார்கள். பெயின்ட் நிறுவனத்தின் தாள் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள்.

இந்தச் சோதனையை பிளாஸ்டிங்குக்குப் பிறகு இன்னொருமுறை செய்ய வேண்டும். ஒரு கடலோரப் பாலத்தில் மாலையில் வெள்ளையாக விட்டுப்போன இரும்பு காலையில் கரும்புள்ளிகளாக நின்றது. ஆட்கள் பனி என்றார்கள். பனி என்றால் சீராகப் பழுத்திருக்கும். புள்ளி புள்ளியாக, குழிகளில் மட்டும் கருத்தால் உள்ளே உப்பு இருக்கிறது. மறுபடி கழுவி, மறுபடி பிளாஸ்ட் செய்தோம். இரண்டு நாள் போனது. அதன் மேலேயே பிரைமர் அடித்திருந்தால் முதல் மழைக்காலத்திலேயே கொப்புளம் வந்திருக்கும்.

7. பிளாஸ்டிங்

தினமும் முதல் வேலை, கம்ப்ரசர் காற்றை ஒரு வெள்ளைத் தாளில் ஒரு நிமிடம் பாய்ச்சிப் பார்ப்பது. எண்ணெய்க் கறையோ ஈரமோ தெரிந்தால் வடிகட்டியைச் சரிசெய்யும்வரை நாசில் திறக்கக் கூடாது.

இலக்கு எஸ்ஏ 2½. அதாவது துரு, பழைய பெயின்ட், மில் ஸ்கேல் (ஆலையில் உருட்டும்போது படியும் கருஞ்செதில்) எதுவும் இருக்கக் கூடாது, லேசான கறை நிழல் மட்டும் அங்கங்கே தெரியலாம். ஐஎஸ்ஓ 8501-1 படப்புத்தகத்தைக் களத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு மிச்சம். சொரசொரப்பு 50 முதல் 75 மைக்ரான் வரை இருப்பது பெரும்பாலான துத்தநாக பிரைமர்களுக்குப் பொருந்தும். குறைந்தால் பிடிப்பு இல்லை. கூடினால் மேடுகளின் உச்சியில் பெயின்ட் மெலிந்துவிடும்.

கத்தி போன்ற விளிம்புகளை முன்பே கிரைண்டரால் 2 மில்லிமீட்டர் வளைவுக்கு மழுக்கிவிடுங்கள். ஈரப் பெயின்ட் கூர்மையிலிருந்து பின்வாங்கும், அதனால் துரு எப்போதும் விளிம்பில் தொடங்குகிறது.

நாசில் நுழையாத இடுக்குகள் இருக்கும். அங்கே பவர் டூலில் எஸ்டி 3 (கருவியால் சுத்தம் செய்வதற்கான தர அளவு) வரை எடுக்கலாம். ஆனால் அந்த இடத்துக்கு துத்தநாக பிரைமர் போடாதீர்கள். துத்தநாகம் வெற்று இரும்பைத் தொட்டால்தான் காப்பாற்றும், துருவின் மேல் அது வெறும் சாம்பல் நிறம். துருவைப் பொறுத்துக்கொள்ளும் எப்பாக்சி வகையை அங்கே பயன்படுத்துங்கள்.

ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்துக்குப் பெயின்ட் அடித்து முடியவே முடியாது என்பது ஆங்கிலத்தில் பழமொழியாகவே ஆகிவிட்டது. 2002இல் தொடங்கி 2011இல் அந்தப் பழமொழியை முடித்துவைத்தார்கள். பழைய அடுக்குகளை வெற்று இரும்புவரை பிளாஸ்டிங்கில் எடுத்துவிட்டு, கண்ணாடிச் செதில் கலந்த எப்பாக்சி முறையைப் பூசினார்கள். பெயின்ட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்தப் பத்தாண்டில் சுத்தம் செய்யப் போன உழைப்பை யாரும் சொல்வதில்லை.

8. வானிலைக் கணக்கு

இரண்டு விதிகள். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை ஏறத்தாழ 26.2. இரும்பு 29.2க்கு மேல் இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு நம் கடலோரத்தில் காற்று சூடேறியிருக்கும், கனத்த கர்டர் இரவின் குளிரிலேயே இருக்கும். பார்வைக்குக் காய்ந்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் நிற்கும். வெயில் படும் பக்கத்தில் மட்டும் அளந்துவிட்டு ‘சரி, ஓகே’ என்று எழுதுவது வழக்கமான தவறு. நிழலில் உள்ள அடிப்புறத்தில் அளந்து எழுதுங்கள்.

நான் நாளை இப்படிப் பிரிப்பேன்: ஒன்பது மணிக்கு மேல் பிளாஸ்டிங், மதியத்தோடு நிறுத்தம், தூசி ஊதல், மூன்று மணிக்குள் பிரைமர். மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுத்தால் உப்பும் கூடவே வரும், திறந்து கிடக்கும் இரும்பு கெட்டுவிடும். அன்றைக்குள் பிரைமர் போட முடிகிற அளவுக்கு மட்டுமே பிளாஸ்ட் செய்யுங்கள். மாலைப் பனிக்குள் கோட் ஓரளவு இறுக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஈரம் பட்ட எப்பாக்சியின் மேல் பிசுபிசுப்பான படலம் வரும், அதன் மேல் அடுத்த கோட் பிடிக்காது.

9. கலப்பதும் அடிப்பதும்

இரண்டு பாக எப்பாக்சியை முழு செட்டாகவே கலக்குங்கள். பாதி டப்பாவைக் கண்ணளவில் பிரித்துக் கலந்தால் சில இடம் இறுகும், சில இடம் இறுகாமலே நிற்கும். துத்தநாக பிரைமரைக் கடைசிவரை கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கனமான தூள் அடியில் தங்கிவிட்டால் மேலே அடிப்பது வெறும் பசை. கலந்த பெயின்ட்டின் ஆயுள் வெயிலில் வேகமாகக் குறையும், 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகும். கெட்டியாகிவிட்டதைத் தின்னர் ஊற்றி ‘உயிர்ப்பிக்க’ விடாதீர்கள்.

ஈரத் தடிமன் கணக்கு: காய்ந்த பின் 150 மைக்ரான் வேண்டும், பெயின்ட்டில் திடப்பொருள் கன அளவில் 75 சதவீதம் என்றால் ஈரத்தில் 200 அடிக்க வேண்டும். 10 சதவீதம் தின்னர் கலந்தால் 220. பெயின்டரின் சட்டைப் பையில் இந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

ஸ்ட்ரைப் கோட்டைத் தனிப் படியாகவே வையுங்கள். முழுக் கோட்டுக்கு முன் விளிம்பு, வெல்டிங், ரிவெட், போல்ட் எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தேய்த்துப் பூச வேண்டும். ஸ்பிரே போல்ட்டின் பின்பக்கம் போகாது. டெண்டரில் இதற்குத் தனி ரேட் இல்லை என்றால் செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு கோட்டும் வேறு நிறத்தில் இருந்தால் விட்டுப்போன இடம் தானாகத் தெரியும்.

இரண்டு கோட்டுக்கு இடையில் நாள் கடந்தால் மறுபடி நன்னீரில் கழுவுங்கள், உப்பு இரவிலும் வேலை செய்கிறது. இரண்டு கோட்டுக்கு நடுவே பெயின்ட் தாள் சொல்லும் அதிகபட்ச இடைவெளியைத் தாண்டிவிட்டால் மணல்தாள் கொண்டு தேய்த்த பிறகே அடுத்த கோட்.

பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் (சிலிக்கான் அடிப்படையிலான பெயின்ட்) பூச்சு கொடுத்தார்கள் என்று கேட்டதும், ‘நாமும் அதையே போட்டுவிடலாம்’ என்று ஒருவர் சொன்னார். தாராளமாகப் போடலாம். புது இரும்பின் மேல் போன பூச்சை, உப்பு ஊறிய பழைய இரும்பின் மேல் மேலே சொன்ன எதுவும் செய்யாமல் அடித்தால் விலை மட்டும்தான் பாம்பன் விலை.

10. அளந்து வாங்குதல்

காய்ந்த தடிமனை எளிதில் எட்டும் நடுத்தகட்டிலேயே அளந்துவிட்டுப் போவார்கள். கருவியைக் கீழ்த் தகட்டின் அடிப்புறத்துக்கும் போல்ட் வரிசைக்குப் பக்கத்துக்கும் கொண்டுபோங்கள். ஐஎஸ்ஓ 19840 விதி சுருக்கமாக இது: சராசரி இலக்கைத் தொட வேண்டும், எந்த அளவும் இலக்கின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, 80க்கும் இலக்குக்கும் இடையில் விழும் அளவுகள் மொத்தத்தில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. சராசரியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், ஓரிடத்தில் 400, இன்னோரிடத்தில் 120 என்று இருப்பதை விட்டுவிடுவீர்கள்.

11. பணமும் நாட்குறிப்பும்

கழுவல், பிளாஸ்டிங், ஸ்ட்ரைப் கோட், ஒவ்வொரு முழுக் கோட் என்று தனித்தனி பில் வரிகள் வையுங்கள். ஆய்வாளர் கையெழுத்து இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது என்று எழுதுங்கள். இந்த நிறுத்தத்தில் நீங்களும் நேரத்துக்கு வர வேண்டும். பிளாஸ்ட் செய்த இரும்பைக் காட்டிவிட்டு ஆய்வாளருக்காக நாலு மணி நேரம் காத்திருக்கும் காண்ட்ராக்டர் மறுநாள் காத்திருக்க மாட்டார்.

நாட்குறிப்பில் தேதி, இடம், ஆள் பெயர், இரும்பு வெப்பம், பனிநிலை, பெயின்ட் பேட்ச் எண். இவ்வளவு போதும். ஐஎஸ்ஓ 12944இல் ‘உயர் ஆயுள், 15 முதல் 25 ஆண்டு’ என்று இருப்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீடு என்று அந்த ஆவணமே சொல்கிறது. உத்தரவாதம் உங்கள் ஒப்பந்தத்தின் குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தில்தான் (குறை தெரிந்தால் காண்ட்ராக்டரே சரிசெய்ய வேண்டிய காலம்) இருக்கிறது.

அந்தக் காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, மழைக்குப் பிறகு ஒரு நாள், அதே டார்ச்சும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் சாரக் கிளாம்ப் பிடித்திருந்த இடங்கள், சாரத்தைக் கழற்றிய பிறகு தொட்டுப் பூசியவை அவை. அடுத்து பேரிங்கின் பின்பக்கம், வடிகால் வாய், கீழ்த் தகட்டின் கடலைப் பார்த்த விளிம்பு. துரு இருந்தால் படமெடுத்து நாட்குறிப்பில் அந்த இடத்தின் தேதியைத் தேடுங்கள். யார் அடித்தது, அன்று இரும்பு எத்தனை டிகிரியில் இருந்தது என்பது அங்கே இருக்கும்.